பள்ளிக்குப் பின்னால் நிற்கும் ஒன்பது கூடைகள்

நீங்கள் கேட்டிருந்தது இது: வட கரோலினாவில் கேரிக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. மகன் படிக்கும் நடுநிலைப் பள்ளிக்குப் பின்னால், கால்பந்துத் திடலை ஒட்டியும் பைன் மரங்களுக்கு இடையிலும், சங்கிலி தொங்கும் ஒன்பது இரும்புக் கூடைகள் நிற்கின்றன. அது, டிஸ்க் என்ற வட்டத் தட்டை எறிந்து கூடைக்குள் போடும் டிஸ்க் கால்ஃப் ஆட்டத்தின் கோர்ஸ் (ஆடுகளம்) என்று பிறகு தெரிந்துகொண்டீர்கள். ஆனால் அங்கே யாரும் ஆடி நீங்கள் பார்த்ததில்லை. அலுவலக நண்பர் ஒருவர், "அதெல்லாம் ஒரு கோர்ஸே இல்லை, நல்ல பார்க்குக்குப் போங்கள்" என்று சொல்லிவிட்டார். அங்கே போய் ஆடலாமா, என்ன வாங்க வேண்டும், எப்படி ஆரம்பிப்பது, ஏழு வயது மகளையும் கூட்டிப் போகலாமா?

போகலாம். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நேரம் பார்த்துப் போங்கள், ஆளுக்கு ஒரே ஒரு புட்டரோடு, அதாவது கிட்டத் தூரத்துக்கான மெதுவான டிஸ்க்கோடு, போங்கள். நான் பதினோரு வருடமாக இந்த விளையாட்டை ஆடுகிறேன். பேர்பெற்ற கோர்ஸ்களுக்காக நாலைந்து மணி நேரம் வண்டி ஓட்டிப் போனதுண்டு. ஆனாலும் நான் அதிகம் ஆடியது, வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் இருக்கும் இதே மாதிரி ஒரு பள்ளிக்கூடத்து ஒன்பது கூடையில்தான். உங்கள் நண்பர் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். குட்டிக் கோர்ஸ் என்பது வேறு, கோர்ஸே இல்லை என்பது வேறு.

பள்ளி மைதானத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. 1926இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பிளாட்வொர்த் என்ற சின்ன ஊரில், ஆரம்பப் பள்ளிப் பையன்கள் சிலர் பள்ளி மைதானத்து மணலில் நாலு அடி அகல வட்டங்கள் வரைந்து, தகர டப்பா மூடிகளை அவற்றுக்குள் எறிந்து ஆடினார்கள். அதற்கு டின் லிட் கால்ஃப் என்று பெயரும் வைத்தார்கள். பிளாஸ்டிக் ஃபிரிஸ்பீ கடைக்கு வருவதற்குப் பல வருடம் முன்பு நடந்தது இது. இன்று நாம் ஆடும் வடிவம் எட் ஹெட்ரிக்கால் வந்தது. வாம்-ஓ நிறுவனத்தில் ஃபிரிஸ்பீயை நேராகப் பறக்கும்படி திருத்தியவர் அவர்தான். 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பார்க்கில் முதல் நிரந்தரக் கோர்ஸை அமைத்தார். முதலில் வெறும் கம்பங்கள்தான் இலக்கு. டிஸ்க் கம்பத்தில் பட்டதா இல்லையா என்று சண்டை வராமல் இருக்கத்தான் சங்கிலியும் கூடையும் வந்தன. அந்த அமைப்புக்கு 1977இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. உங்கள் மகன் பள்ளியில் நிற்பது அதன் வழித்தோன்றல்தான்.

சரி, நுழைவு விஷயத்துக்கு வருவோம். இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பார்க் கோர்ஸ் ஊருக்குச் சொந்தம், விடிந்ததிலிருந்து இருட்டும் வரை யாரும் போகலாம். பள்ளிக் கோர்ஸ் முதலில் பிள்ளைகளுக்குச் சொந்தம். உடற்கல்வி வகுப்புக்காக நட்ட கூடைகள் அவை. எட்ஜ் என்ற அமைப்பு டிஸ்க்குகளும் கூடைகளும் பாடத்திட்டமுமாகச் சேர்த்துப் பள்ளிகளுக்கு இந்த விளையாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்து வருகிறது. வேறு சில இடங்களில் சாரணர் இயக்கத்தின் உச்சப் பட்டமான ஈகிள் ஸ்கவுட் ஆகப் போகும் ஒரு பையன், தன் சேவைத் திட்டமாக நன்கொடை திரட்டிக் கூடைகளை நட்டிருப்பான். எப்படி வந்திருந்தாலும், வகுப்பு நடக்கும் நேரத்தில் வெளியாள் அந்த வளாகத்துக்குள் டிஸ்க்கும் பையுமாக நடக்கக் கூடாது. நீங்கள் அந்தப் பள்ளியின் பெற்றோர் என்பதால் மட்டும் இது மாறிவிடாது. பள்ளி நேரத்தில் உள்ளே வரும் யாரும் முன் அலுவலகத்தில் பதிந்துவிட்டுத்தான் வர வேண்டும்.

அதனால் முதல் வேலை, பள்ளி அலுவலகத்துக்கு ஒரு போன். "பின்னால் இருக்கும் டிஸ்க் கால்ஃப் கூடைகளில் வார இறுதியில் குடும்பத்தோடு ஆடலாமா?" என்று நேராகவே கேளுங்கள். பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியரிடம் இணைப்பைக் கொடுப்பார்கள். ஒருவர் ஆர்வமாகக் கேட்கிறார் என்பதே அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கு அப்படிப் பேசிய ஆசிரியர் கூடைகளின் வரைபடத்தையே மின்னஞ்சலில் அனுப்பிவைத்தார்.

கோடை விடுமுறையில் எந்நேரமும் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கேரி இருக்கும் வேக் கவுண்டியில் ஆண்டு முழுதும் நடக்கும் பள்ளிகள் இருப்பது உங்களுக்கே தெரியும். பிள்ளைகளை டிராக் என்ற குழுக்களாகப் பிரித்து, 45 நாள் பள்ளி, 15 நாள் விடுமுறை என்று ஓட்டுவார்கள். ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமையிலும் ஒரு பகுதிப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். வழக்கமான நாட்காட்டியில் போகும் பள்ளியாக இருந்தாலும் கோடைமுகாம் நடக்கலாம். பள்ளி விட்ட பிறகும் மாலைக் காப்பகம் ஆறு மணி வரை ஓடும். இலையுதிர் காலத்தில் ஓட்டப் பயிற்சிக்காரர்கள் அதே மரப் பாதையில் ஓடுவார்கள். தேர்தல் நாளில் பல பள்ளிகள் வாக்குச்சாவடி. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது சனி, ஞாயிறு காலை. ஞாயிறு காலை ஏழரை மணியை நான் சிபாரிசு செய்கிறேன். புல்லில் பனி இருக்கும், வெயில் மரத்துக்கு மேல் ஏறியிருக்காது, வளாகத்தில் உங்களைத் தவிர நாயோடு நடக்கும் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள்.

பையையும் வீட்டிலேயே ஒருமுறை திறந்து பாருங்கள். வட கரோலினாவில் பள்ளி வளாகத்துக்குள் எந்நேரமும் புகையிலைக்குத் தடை. வேப் எனும் மின்சிகரெட்டும் அதில் சேர்த்திதான். மதுவும் கூடாது. பலருக்குத் தெரியாதது கத்தி விஷயம். கூர்முனையோ வெட்டும் விளிம்போ உள்ள எதையும் பள்ளி இடத்துக்குள் கொண்டுபோவதைச் சட்டம் தடை செய்கிறது. மடக்குக் கத்தி ஒன்று டிஸ்க் பையின் பக்கவாட்டுப் பையில் நிரந்தரமாகக் கிடக்கும் வழக்கம் இங்கே பலருக்கு உண்டு. பார்க்கில் அது ஒன்றுமில்லை. பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அது குற்றம். எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள்.

முதல் நாள் டிஸ்க் எடுக்காமல் சும்மா நடந்துவிட்டு வாருங்கள் என்பேன். அதிகம் பேர் ஆடாத கோர்ஸில் எறிவதைவிடச் சிரமம், அடுத்த ஹோல், அதாவது அடுத்த கூடைக்கான ஆட்டம், எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பது. பெரிய கோர்ஸில் சிமெண்ட் போட்ட டீ (முதல் எறியை எறியும் இடம்) இருக்கும், தூரமும் வரைபடமும் எழுதிய பலகை இருக்கும். பள்ளியில் டீ என்பது பெரும்பாலும் மண்ணில் அடித்த ஒரு மரமுளை, அல்லது எண் எழுதிய சின்னக் கொடி, சில இடங்களில் புல் தேய்ந்த வெறும் தடம். பலகை இருந்தால் அது மரவேலை வகுப்பில் பிள்ளைகள் செய்ததாக இருக்கும், பெயின்ட் மங்கியிருக்கும். கூடையின் தலைப்பட்டையில் எண் இருக்கிறதா பாருங்கள். கூடைக்கு அடியில் அல்லது கம்பத்தில் ஒரு அம்புக்குறியோ போல்ட்டோ இருந்தால், பெரும்பாலும் அது அடுத்த டீ இருக்கும் திசையைக் காட்டும். இந்தப் பழக்கம் பல கோர்ஸ்களில் உண்டு. எதுவும் இல்லையென்றால், கூடையருகே நின்று சுற்றிப் பாருங்கள். புல்வெளியில் மனிதர் நடந்த தடம் ஒன்று எப்படியும் தெரியும்.

ஒரு வருடம் முன்பு பார்த்த இடத்தில் கூடை இப்போதும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பள்ளிகள் பல சமயம் பெயர்த்து நடக்கூடிய இலகுவான கூடைகளை வைத்திருக்கும். கால்பந்துப் பருவம் வந்தால் இரண்டு கூடைகள் ஓரமாக நகர்ந்துவிடும். புதிதாகத் தற்காலிக வகுப்பறை வந்து நிற்கும், ஒரு ஹோலே காணாமல் போகும். நான் ஆடும் இடத்தில் ஆறாம் கூடை ஒரு முழு வசந்த காலம் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் இருந்தது. நாங்கள் ஐந்தாம் கூடைக்கே இரண்டு முறை ஆடினோம், வேறு திசையிலிருந்து. இந்த நெகிழ்வை ஏற்றுக்கொண்டால் குட்டிக் கோர்ஸ் உங்களை ஏமாற்றாது.

யூடிஸ்க் செயலியில் உலகம் முழுக்க 15,000க்கும் மேற்பட்ட கோர்ஸ்கள் இருக்கின்றன. உங்கள் பள்ளி அதில் இருந்தால் நேரக் கட்டுப்பாடும் வரைபடமும் அங்கேயே கிடைக்கும். இல்லையென்றால் நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள். பள்ளியே வேண்டாம் என்று விட்டிருக்கலாம். செயலியில் ஏறிவிட்டால் வழிப்போக்கர்கள் செவ்வாய்க்கிழமை மதியம் வந்து நிற்பார்கள், ஒரு புகார் போனால் போதும், கூடைகளையே பிடுங்கிவிடுவார்கள். முதலில் அந்த ஆசிரியரைக் கேளுங்கள்.

வாங்க வேண்டியது ஆளுக்கு ஒரு புட்டர். அவ்வளவுதான். கடையில் புட்டர், நடுத்தூரத்துக்கான மிட்ரேஞ்ச், நெடுந்தூரத்துக்கான டிரைவர் என மூன்று சேர்ந்த ஆரம்பப் பொதி விற்பார்கள். விலையும் நியாயமாக இருக்கும். ஆனால் அதிலுள்ள டிரைவர் உங்கள் பள்ளி மைதானத்துக்கு வேண்டாம். பல நிறுவனங்கள் டிஸ்க்கின் மேல் நாலு எண்கள் அச்சிடுகின்றன: வேகம், மிதப்பு, திருப்பம், கடைசிச் சாய்வு. இன்னோவாவின் ஏவியார் என்ற பழைய புட்டருக்கு 2, 3, 0, 1. டிஸ்க்ராஃப்டின் பஸ் என்ற மிட்ரேஞ்சுக்கு 5, 4, -1, 1. வேகம் 9, 12 என்று போட்டிருப்பவை விளிம்பு அகன்று கூர்மையாக இருக்கும். புதியவர் கையில் அவை தூரமும் போகாது, நேராகவும் போகாது, சரேலென்று இடப்பக்கம் இறங்கும். பள்ளி ஹோல்கள் பெரும்பாலும் 130 முதல் 240 அடி. அந்தத் தூரத்துக்குப் புட்டர் போதும், உங்களால் இப்போது முடியாவிட்டாலும் ஆறு மாதத்தில் முடியும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டு சொல்லவில்லை. முதல் வருடம் நான் வேகம் 12 உள்ள டிரைவரோடுதான் திரிந்தேன். ஒரு ஞாயிறு, நாலாவது ஹோலில், 160 அடிக்கு அதை எறிந்தேன். அது தார்ப் பாதையில் பட்டு எகிறி, வேலியைத் தாண்டி, ஊஞ்சலுக்குக் கீழே போய் விழுந்தது. ஊஞ்சலில் யாரும் இல்லை. ஆனால் பத்து நிமிடம் கழித்து ஒரு தகப்பனும் இரண்டு குழந்தைகளும் அங்கே வந்தார்கள். அன்று மாலை அந்த டிரைவரை அலமாரியில் வைத்தவன், இன்றுவரை பள்ளிக்கு அதை எடுத்துப் போனதில்லை. புட்டரின் விளிம்பு உருண்டையானது, மெதுவாகப் போகும், கீழே பட்டால் அதிகம் எகிறாது. ஆனாலும் பெரியவர்களுக்கான புட்டரின் எடை 170 கிராமுக்குக் குறையாது. கடற்கரையில் பிடித்து விளையாடும் ஃபிரிஸ்பீயைவிடச் சிறியது, அடர்த்தியானது, மேலே பட்டால் வலிக்கும். இதைப் பிள்ளைகள் பிடிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சென்னைக் கடற்கரையில் அல்டிமேட் (ஃபிரிஸ்பீயை எறிந்து பிடிக்கும் அணி ஆட்டம்) ஆடிய பழக்கம் உள்ள பெரியவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கும். கை தானாக நீளும்.

சாதாரண பிளாஸ்டிக்கில் செய்த புட்டர் பத்து டாலருக்கு அருகில் கிடைக்கும். அதையே வாங்குங்கள். விலை உயர்ந்த பிளாஸ்டிக் வழுவழுப்பாக இருக்கும், அதிகாலைப் பனியில் கையை விட்டு நழுவும். பெரியவர்களுக்கு 170 முதல் 175 கிராம், மகனுக்கு 150 முதல் 165, மகளுக்கு 150க்குள். ப்ளே இட் அகெய்ன் ஸ்போர்ட்ஸ் மாதிரிக் கடைகளில் பழையவை இன்னும் மலிவு. வாங்கியதும் அடிப்பக்கத்தில் அழியாத மையால் பெயரும் போன் எண்ணும் எழுதுங்கள். தொலைந்த டிஸ்க்கை எடுத்தவர் குறுஞ்செய்தி அனுப்புவது இந்த ஆட்டத்தில் ஊறிய நல்ல வழக்கம். எனக்கு மூன்று மாதம் கழித்துக்கூட ஒன்று திரும்பி வந்திருக்கிறது.

இனி எறிவது. வலக்கைக்காரராக இருந்தால், வலத் தோளை இலக்குக்குக் காட்டிப் பக்கவாட்டில் நின்று, டிஸ்க்கை மார்பை ஒட்டி நேர்கோட்டில் இழுத்து விட வேண்டும். ஈரத் துண்டை உதறும்போது கடைசியில் ஒரு சொடுக்கு வருமே, அந்தச் சொடுக்குதான் டிஸ்க்குக்குச் சுழற்சி தருகிறது. தூரத்தைத் தருவது கை பலம் என்று நினைப்போம். அதைவிடச் சுழற்சியும் டிஸ்க்கின் மூக்கு, அதாவது பறக்கும்போது முன்னால் இருக்கும் விளிம்பு, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம்.

பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுழலும் பம்பரத்தின் தலையை ஒரு பக்கம் தட்டினால், அது தட்டிய பக்கம் விழாது, அதற்குக் குறுக்கே சாயும். டிஸ்க்கும் அப்படித்தான். காற்று அதைத் தூக்கும் புள்ளி சரியாக நடுவில் இருப்பதில்லை. வேகம் குறையும்போது அந்தப் புள்ளி நடுவுக்கு முன்னால் வந்துவிடும். சுழலாத தட்டாக இருந்தால் அப்போது மூக்கு மேலே தூக்கிக் கவிழ்ந்துவிடும். சுழல்வதால் அந்தத் தூக்கல் குறுக்கே திரும்பி, இடப்பக்கச் சாய்வாக வெளிப்படுகிறது. அதனால்தான் இப்படி வலத் தோளைக் காட்டி எறியும் வலக்கைப் பின்னெறியில் எந்த டிஸ்க்கும் கடைசியில் இடது பக்கம் இறங்குகிறது. இடக்கைக்காரருக்கு அப்படியே எதிர்ப்பக்கம். இது உங்கள் குறை இல்லை, டிஸ்க்கின் குணம். அதைக் கணக்கில் வைத்து இலக்குக்குச் சற்று வலப்பக்கம் குறிவையுங்கள்.

புதியவர் அத்தனை பேரும் செய்யும் தவறு, மூக்கைத் தூக்கி எறிவது. டிஸ்க் மேலே ஏறும், ஒரு கணம் தயங்கும், பிறகு இடது பக்கம் சரிந்து விழும். பார்க்க உயரமாகப் போனதுபோல இருக்கும், அளந்தால் எண்பது அடிகூட இருக்காது. காபி ஆற்றும்போது டம்ளரைச் சாய்க்கிறோமே, அந்த மணிக்கட்டுச் சாய்வை எறியும்போது கொண்டுவாருங்கள். மூக்கு கீழே இறங்கும். முழங்கால் உயரத்தில் எறியப்போவதாக நினைத்து எறியுங்கள், அது இடுப்பு உயரத்தில் போகும். ஓடிவந்து எறிவது இப்போது வேண்டாம். புல் டீயில் பனி, அடியில் இந்தப் பகுதிக்கே உரிய சிவப்புக் களிமண். ஈரத்தில் அது எண்ணெய்போல வழுக்கும். நின்ற இடத்திலிருந்தே எறியுங்கள், செருப்பு வேண்டாம், அடிப்பாகம் முரடான காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

விதிகள் கொஞ்சம்தான். டீயிலிருந்து எறிகிறீர்கள், விழுந்த இடத்துக்குப் பின்னால் நின்று மறுபடி எறிகிறீர்கள், கூடைக்குள் விழும்வரை. கூடைக்கு அதிகத் தூரத்தில் இருப்பவர் முதலில் எறிவார். சங்கிலியில் மாட்டித் தொங்கினாலும் விழுந்ததாகக் கணக்கு. கூடையின் தலைமேல் போய் உட்கார்ந்துவிட்டால் கணக்கில்லை. 10 மீட்டருக்குள் இருந்து எறியும்போது, எறிந்தபின் முன்னே தடுமாறி விழாமல் நிலையாக நிற்க வேண்டும். எல்லைக்கு வெளியே விழுந்தால் ஓர் எறி கூடும். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் பள்ளிக் கோர்ஸில் எல்லா ஹோலையும் மூன்று எறியில் முடிக்க வேண்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் ஐந்தில் முடித்தாலே நன்றாக ஆடியதாக அர்த்தம்.

உங்கள் நேரத்தில் பாதியைப் புட்டுக்கு, அதாவது கூடைக்கு அருகிலிருந்து போடும் எறிக்கு, கொடுங்கள். பதினோரு வருட அனுபவத்தில் எனக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்று தெரியாது. 200 அடியிலிருந்து எறிந்து கூடைக்கு இருபது அடியில் வந்து நிற்கிறீர்கள், பிறகு அந்த இருபது அடிக்கு மூன்று எறி எடுக்கிறீர்கள். அழகான முதல் எறி வீணாகிறது. கூடைக்குப் பத்து அடியில் ஆரம்பியுங்கள். பத்து முறை எறிந்து எட்டு விழுந்தால் ஓரடி பின்னே போங்கள். விழாவிட்டால் முன்னே வாருங்கள். மொத்தக் கூடையைப் பார்க்காதீர்கள், ஒரே ஒரு சங்கிலிக் கண்ணியைப் பாருங்கள், நடுக்கம்பத்துக்குச் சற்று வலப்பக்கம் இருப்பதை. வலக்கைக்காரரின் டிஸ்க் சற்று இடது நோக்கி வளைந்து வருவதால் அங்கே பட்டால் சங்கிலி அதை உள்ளே வாரிக்கொள்ளும். ஓரமாகப் பட்டால் சங்கிலியைக் கிழித்துக்கொண்டு வெளியே போய்விடும். பேர்பெற்ற பார்க்கில் பின்னால் நாலு பேர் காத்திருப்பார்கள், ஒரு கூடையில் அரை மணி நேரம் நிற்க முடியாது. யாரும் வராத பள்ளி மைதானத்தில் அந்தக் கூடை காலை முழுவதும் உங்களுடையது. என் மனைவி அப்படித்தான் கற்றுக்கொண்டாள். இன்று இருபது அடிக்குள் அவளை வெல்ல எங்கள் குழுவில் ஆளில்லை.

திறந்தவெளிப் புல்தரையாக இருக்கிறதே, மரமே இல்லாத ஹோலில் என்ன சுவாரசியம் என்று உங்கள் நண்பர் கேட்கலாம். அவருக்கு விந்த்ரோப்பைச் சொல்லுங்கள். தென் கரோலினாவில் ராக் ஹில் ஊரிலிருக்கும் விந்த்ரோப் பல்கலைக்கழக வளாகத்தில்தான் 1999 முதல் அமெரிக்க டிஸ்க் கால்ஃப் சாம்பியன்ஷிப் நடந்து வருகிறது. அதுவும் ஒரு கல்விக்கூடத்தின் மைதானம்தான். அங்கே தரையில் மஞ்சள் கயிறு போட்டு எல்லை வகுக்கிறார்கள். கயிற்றைத் தாண்டினால் ஓர் எறி தண்டனை. பரந்த புல்வெளி அந்த ஒரு கயிற்றால் உலகின் சிறந்த ஆட்டக்காரர்களையே திணறடிக்கும் இடமாகிவிடுகிறது. உங்களுக்குக் கயிறுகூட வேண்டாம். நடைபாதையைத் தாண்டினால் எல்லைக்கு வெளியே, கால்பந்துத் திடலின் வெள்ளைக் கோட்டுக்குள் போனால் வெளியே, வாகன நிறுத்தம் எப்போதும் வெளியே என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். 150 அடி ஹோல் உடனே யோசிக்க வைக்கும் ஹோலாகிவிடும். கட்டடம், கண்ணாடி, விளையாட்டுச் சாதனங்கள் இருக்கும் பக்கம் டிஸ்க் போகாமலும் இருக்கும். எனக்கு அந்த இரண்டாவது பயன்தான் பெரிது.

யாராவது நடந்து வந்தால் எறிவதை நிறுத்திவிட்டு அவர் கடக்கும்வரை நில்லுங்கள். இங்கே பலருக்கு இது என்ன விளையாட்டு என்றே தெரியாது, எந்தப் பக்கமிருந்து டிஸ்க் வரும் என்று அவர்கள் எதிர்பார்க்க முடியாது. தவறி ஆள் இருக்கும் பக்கம் போய்விட்டால் தயங்காமல் "ஃபோர்!" என்று உரக்கக் கத்துங்கள், கால்ஃபில் அதுதான் எச்சரிக்கைக் குரல். டிஸ்க் கூரைமேல் போய்விட்டால் ஏறாதீர்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் சொன்னால் பராமரிப்பு ஊழியர் எப்போதாவது எடுத்துத் தருவார். மழைநீர்க் குட்டையைச் சுற்றி வேலி போட்டிருந்தால் அதற்குள் விழுந்தது போனது போனதுதான், வேலி தாண்ட வேண்டாம். மரங்களுக்கு இடையில் டிஸ்க் தேடும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஐவி என்ற செடி. பட்டால் இரண்டு வாரம் அரிக்கும். இன்னொன்று காப்பர்ஹெட் பாம்பு. இந்த மாநிலத்தில் அதிகம் காணப்படும் விஷப்பாம்பு அதுதான். அதன் நிறமும் உதிர்ந்த இலையின் நிறமும் ஒன்று. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை சருகுக்குள் கையை விடாதீர்கள், ஒரு குச்சியால் விலக்கிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் கணுக்காலிலும் முழங்காலுக்குப் பின்னாலும் உண்ணி இருக்கிறதா பார்த்துவிடுங்கள்.

போகும்போது ஒரு குப்பைப் பையும் எடுத்துப் போங்கள். தண்ணீர் பாட்டில், தின்பண்ட உறை என்று கண்ணில் படுவதைப் பொறுக்கிவிட்டு வாருங்கள். கூடை சாய்ந்திருந்தாலோ சங்கிலி அறுந்திருந்தாலோ ஒரு படம் எடுத்து அந்த ஆசிரியருக்கு அனுப்புங்கள். இப்படிப்பட்ட கோர்ஸ்களைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் கிடையாது. கேட்பாரில்லாமல் துருப்பிடித்துச் சாய்ந்த கூடையைப் பள்ளி ஒருநாள் எடுத்துப் போட்டுவிடும். ஆட வருபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஒழுங்காக இருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஒன்பது கூடையும் நிற்கும்.

கடைசியாக மகள். ஏழு வயதுக் கைக்கு 200 அடி என்பது பத்துப் பன்னிரண்டு எறி, மூன்றாவது ஹோலுக்குள் அவளுக்குச் சலித்துவிடும். அவளுக்கு டீ வேறு. ஒவ்வொரு ஹோலிலும் நீங்கள் எறிந்து, நடந்து, உங்கள் டிஸ்க் விழுந்த இடத்துக்கு வந்ததும், அங்கிருந்து அவள் தொடங்கட்டும். அதுவும் தூரமாகப் பட்டால் கூடைக்கு முப்பது அடியில் ஒரு சின்ன ஆரஞ்சுக் கூம்பை வையுங்கள். மூன்று எறிக்குள் போட்டால் அவள் ஜெயித்தாள் என்று பேச்சு. இரு கையால் எறிந்தாலும், அடியிலிருந்து தூக்கிப் போட்டாலும் திருத்தாதீர்கள், சங்கிலி சத்தம் ஒருமுறை காதில் விழட்டும். ஐந்து கூடையோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். மீதி நாலு அடுத்த ஞாயிறுக்கு.